வாய் திறந்தால் திராட்சை இல்லை

ஜூன் 11, செவ்வாய்

என் தங்கையைச் சோதிக்காமலேயே டாக்டர் பொய்ச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அறிவுத்திறன் குறைபாடு இருபத்தைந்து சதவீதமாம். உதவித்தொகைக்கு நாற்பது வேண்டும். மனு தள்ளுபடி.

அப்ரினுக்குப் பத்தொன்பது வயது. அடுப்பு சுடும் என்பது இன்னும் தெரியாது. அவளைத் தனியே விட முடியாமல்தான் அம்மா ஓடைப்பட்டி திராட்சைத் தோட்ட வேலையை விட்டாள். அத்தா இறந்த பிறகு என் ஜெராக்ஸ் கடைச் சம்பளத்தில் மூன்று பேர்.

சான்றிதழ் கொடுக்கும் மருத்துவ முகாமுக்குப் பெருநாள் சுடிதார் போட்டு, பவுடர் பூசி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதுபோல் கூட்டிப்போனாள் அம்மா. டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி. பேர், அத்தா பேர், ஊர். அப்ரினுக்கு உலகத்தில் தெரிந்ததே அந்த மூன்றுதான். பதிலுக்கு ஒரு பன்னீர் திராட்சை என்று கொடுத்துக் கொடுத்து அம்மா வருடக்கணக்கில் பழக்கியது. கணீரென்று சொன்னாள். சொல்லிவிட்டுத் திராட்சைக்குக் கையை நீட்டினாள்.

டாக்டர் கைகுலுக்கினார். "நல்லாத்தானேம்மா இருக்கு?"

ஜூலை 1, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். மேல்முறையீட்டு மனு கொடுத்தேன். வாங்கியவர், "பேரென்ன பாப்பா?" என்றார்.

"அப்ரின் பானு. அத்தா அப்துல் ஜலீல். உத்தமபாளையம்."

"பெறகென்னம்மா? உன்னையவிடத் தெளிவாப் பேசுதே!"

வரிசையே சிரித்தது. அந்த ஆளை அறைந்திருக்க வேண்டும். வெளியே வந்து அப்ரினை அறைந்தேன்.

ஜூலை 12

மறுபரிசோதனை ஆகஸ்ட் எட்டாம் தேதி, தேனியில். இன்றிலிருந்து பாடம். யார் என்ன கேட்டாலும் உதட்டை மடித்துக்கொள்ள வேண்டும். மடித்தால் திராட்சை. பேசினால் தொடையில் கிள்ளு.

"எம்புள்ளைய ஊமையாக்கப் போறியா யாஸ்மின்?"

"வாயத் தொறந்தா காசு வராதும்மா."

"தொலைஞ்சு போனா நாலு பேருகிட்டச் சொல்லத் தெரியணும்னுதான்டி அம்புட்டுப் பாடுபட்டேன்."

"நீ பாடுபட்டதுக்குத்தான் இருபத்தஞ்சு போட்டிருக்காக."

அம்மா திராட்சைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 27

இன்று கிள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

எழுபத்தைந்து சதவீதம்!

மூன்று டாக்டர்கள். கட்டைகளை அடுக்கச் சொன்னார்கள் — தெரியவில்லை. படம் காட்டினார்கள் — தெரியவில்லை. பேரைக் கேட்டார்கள். உதட்டை மடித்தாள், என் ராசாத்தி.

"இத்தனை வருஷமா ஏம்மா கூட்டி வரல?" என்று எங்களைத் திட்டினார் பெண் டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை மறைக்க.

இது ஏமாற்றா? உண்மையைச் சொன்னபோது யார் கேட்டார்கள்?

பஸ் ஸ்டாண்டில் ஒரு கிலோ திராட்சை வாங்கினேன். முழுவதும் அவளுக்குத்தான்.

அக்டோபர் 3

பணம் ஏறிவிட்டது. ஜெயித்துவிட்டோம்.

அக்டோபர் 21, திங்கள்

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அப்ரின் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அவள் படத்தை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். பொழுது சாய்ந்த பிறகுதான் போன் வந்தது. எந்த பஸ்ஸில் ஏறினாளோ, கோம்பையில் நின்றிருக்கிறாள்.

பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் மொக்கம்மாள்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காலையில இருந்து இங்கனதான் நிக்குது. பேரென்ன ஆத்தா, எந்த ஊருன்னு எத்தன தடவ கேட்டேன்! ஒதட்ட மடிச்சுக்கிட்டுக் கைய நீட்டுது. பிச்சையெடுக்க வந்துருக்குன்னு நெனச்சு வர்றவக போறவகல்லாம் காசு போட்டுட்டுப் போனாக."

சில்லறையை அப்ரினின் துப்பட்டா நுனியில் முடிந்து வைத்திருந்தது அந்த அம்மா.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் அம்மா முடிச்சைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திராட்சைக் கிண்ணத்தை அப்ரின் முன்னால் வைத்தேன். பேரென்ன என்று கேட்டேன். உதட்டை மடித்தாள். கையை நீட்டினாள்.

அப்படி இல்ல அப்ரின். அது முடிஞ்சு போச்சு. இப்பப் பேரச் சொல்லணும். அடிக்க மாட்டேன், கிள்ள மாட்டேன். சொல்லு. பேரச் சொல்லுடி.