ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத படையல்

இன்று உங்கள் வருஷ நாள். படையலில் வைக்க வேட்டி எடுக்கலாமென்று பீரோவைத் திறந்தேன். வேட்டி மடிப்பிலிருந்து எண்ணெய் டின் லேபிள் கட்டு ஒன்று காலடியில் விழுந்தது. பச்சை இலைப் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது'. அச்சு மை வாடை இன்னும் போகவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருத்தங்கல் அச்சகத்தில் நீங்கள் அடித்த லேபிள்தான். ஆர்டர் கொடுக்க வந்த எண்ணெய்க் கம்பெனிக்காரர், எடுப்பாக ஒரு வரி வேண்டும் என்றாராம். அந்த வரியைச் சொன்னதே நீங்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையடித்துக்கொண்டீர்கள்.

நெஞ்சுவலி வந்து விருதுநகர் டாக்டரிடம் போன அன்று நானும் கூட இருந்தேன். எண்ணெயை, கொழுப்பைக் குறைக்கச் சொன்னார். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினீர்கள். பஸ் ஏறுவதற்குள் எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"டாக்டர் அம்புட்டு சொன்னாகளே, இப்பத்தான தலையாட்டுனீக?" என்றேன்.

"அங்கன டின்னைப் பாரு. நம்ம லேபிளு. கொலஸ்ட்ரால் இல்லைன்னு போட்டிருக்குல்ல? பேசாம சாப்பிடு புள்ள."

"அதை எழுதுனதே நீங்கதான!"

"யாரு எழுதுனா என்ன? அச்சுல ஏறிருச்சுல்ல."

வீட்டிலும் அதே கதை. நான் எண்ணெயைக் குறைத்துத் தோசை வார்த்தால், எழுந்து வந்து நீங்களே ஊற்றிக்கொள்வீர்கள். சண்டை போட்டேன், அழுதேன், இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். ஆறே மாதத்தில் போய்விட்டீர்கள்.

போன தை மாதம் மகள் கல்யாணம். தாரைவார்க்க உங்கள் தம்பியும் அவர் மனைவியும் மணவறையில் நின்றார்கள். பெற்றவள் நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தாலி கட்டியதும் பிள்ளை என்னைத்தான் தேடினாள். இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

அதனால்தான் இன்று உங்கள் இலையில் இட்லி, தாளிக்காத சாம்பார், அவித்த பீன்ஸ். வடை கிடையாது, அப்பளம் கிடையாது. உங்களுக்குப் பிடித்த கடையில் எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வந்து, உங்கள் படத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

கை கழுவிவிட்டு வந்து, மாலைக்குக் கீழே உங்கள் படத்தின் கண்ணாடியில் ஒரு லேபிளை ஒட்டினேன். 'கொலஸ்ட்ரால் இல்லாதது.' நீங்கள் எழுதிய வரி இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது.

மிச்சக் கட்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். நான் இருக்கும்வரை வருஷத்துக்கு ஒன்று ஒட்டுவேன்.