ஆறாவது குப்பி

அன்புள்ள கட்டெறும்புக்கு,

நான் நலம். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். காட்டு முகாமில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இரண்டு மாதமாகத் தொலைபேசியில் என்னிடம் அளந்து அளந்து பேசினாயே, அதன் காரணம் போன திங்கட்கிழமை என் மேசைக்கே வந்துவிட்டது.

ஆய்விதழ்க்காரர்கள் ஒரு கட்டுரையை, எழுதியவர் பெயரை மறைத்து, என் கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் நான் பெயர் சூட்டிய சிலந்திக் குடும்பம் என்று தனியாக ஒன்று கிடையாதாம். அவையெல்லாம் நூறு வருடப் பழைய இன்னொரு குடும்பத்தில்தான் சேருமாம். இரண்டாம் பக்கத்திலேயே உன் கை தெரிந்துவிட்டது. சிலந்தியின் கால் மயிரை இத்தனை பொறுமையாக எண்ணுகிறவர் வேறு யார்?

முதல் நாள் கோபம் வந்தது, மறைக்கவில்லை. வாழ்நாளில் நான் பெயர் வைத்தது அந்த ஒரு குடும்பத்துக்குத்தான். தப்புக் கண்டுபிடித்தே தீருவது என்று நான்கு நாள் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. வயிற்றடியில் பஞ்சுபோன்ற நூலை நூற்கும் தட்டு இல்லை என்றுதானே அவற்றைத் தனியாகப் பிரித்தேன்? அன்று நான் பார்த்த சிலந்திகளைப் போட்டுவைத்த ஐந்து குப்பிகளையும் திறந்தேன். ஐந்தும் ஆண்! வளர்ந்த ஆணுக்கு அந்தத் தட்டு மங்கிப்போகும் என்று வருடா வருடம் பாடம் எடுக்கிறவன் நான். ஆண்களை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்தப் பார்த்திருக்கிறேன். நான் சிரித்த சிரிப்பில் ஆய்வகக் காவலாளி ஓடிவந்து, "சார், உள்ள வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

உன் படத்தில் இருக்கும் பெண் சிலந்திக்குத் தட்டு பளிச்சென்று தெரிகிறது. என்ன அழகு! சந்தோஷத்தில் இரண்டு தடவை எழுந்து நடந்தேன்.

எழுதியவர் என் மனைவி, நான் மதிப்பிடுவது முறையல்ல என்று இதழாசிரியரிடம் சொல்லிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆகவே இது கணவன் சொல்வது: ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு. அந்த ஆய்வாளருக்கு, அதாவது எனக்கு, அப்போது பெண் சிலந்தி கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கிடைத்தது. கல்யாணமான புதிதில், நான் அந்தப் பெயரைச் சூட்டும் முன்பே, நீ ஒரு குப்பியைக் கொண்டுவந்து, "இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றாய். அது வேறு ஏதோ என்று சொல்லி, திறக்காமலே ஒதுக்கிவைத்தேன். நேற்று அலமாரிக்குள் தேடி எடுத்துத் திறந்தேன்: பெண் சிலந்தி, அதே தட்டு. சீட்டில் உன் கையெழுத்து. என் மானத்தைக் காப்பாற்றத்தானே மறந்ததுபோல் எழுதினாய்?

முதல் பெண் சிலந்தியைக் கண்டெடுத்தது நீ, அதைத் திறந்துகூடப் பார்க்காதவன் நான் என்று என் பெயரைப் போட்டே எழுது. உன் கட்டுரை அமோகமாக வெளிவரட்டும். சீக்கிரம் வீட்டுக்கு வா, என்னிடம் பழையபடி வாய் ஓயாமல் பேசு.

உன் வீட்டுக்காரன்