தூசி போல ஒரு புள்ளி

கோட்டையூர்,
9 ஜூன் 2025

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் எழுதலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். நானும் உங்கள் ஆத்தாவும் சௌக்கியம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று ஆத்தா கேட்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

காரியத்துக்கு வருகிறேன். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அறைக்கு ஒரு டின் என் பலகாரம் வைக்கச் சம்மதித்துவிட்டார்கள். ‘அகிலம்’ என்று பெயரும் வைத்துவிட்டேன். ஆடி பிறப்பதற்குள் லோகோ போட்ட டின் வேண்டுமாம். காரைக்குடியில் அச்சகம் வைத்திருக்கும் மாயக்கண்ணன் ஒன்று போட்டுத் தந்தார். குத்துவிளக்கு, தூண், மிளகாய், கும்பிடுகிற பெண், எல்லாம் இருக்கிறது. பலகாரம்தான் இல்லை. கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து யாராவது மொய் எழுதிவிடுவார்கள். வீடியோ கேம் கம்பெனியில் படம் போடுகிறவரைக் கட்டிக்கொண்டு ஊராரிடம் கெஞ்சுவானேன் என்று உங்களைக் கேட்கிறேன்.

இன்னொன்று. உங்கள் பெரியப்பச்சி ராமநாதன் போன வாரம் வந்தார்கள். “புருசன் பொஞ்சாதி சேர்ந்தாத்தானே கோயில் வரிக் கணக்குல ஒரு புள்ளி? அவன் பெங்களூர்ல, நீ இங்குட்டு. இப்படி இருக்குறவுகளுக்கு எதுக்குப் புள்ளி? பேசி அத்து விட்டுருவோம்” என்றார்கள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிவு கேட்க வருகிறார்களாம். நான் என்ன சொல்லட்டும்?

அகிலா

பெங்களூரு,
14 ஜூன் 2025

அன்புள்ள அகிலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று ஆத்தாவிடம் சொல். உன்னிடம் சொல்வதானால், பாதி நாள் இல்லை.

மாயக்கண்ணன் மேல் கோபப்படாதே. ஊரில் உள்ளதையெல்லாம் ஒரே மூடியில் ஏற்றுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. உன் அண்ணன் மகள் கீர்த்தி சோறு தண்ணி இல்லாமல் விளையாடுவாளே, அதுதான். அவள் போனில் அதன் லோகோவைப் பார். வெறும் பெயர்தான். ஆனால் எழுத்துகள் விரிசல் விட்ட கல்லில் இருக்கும். கல்லையும் மண்ணையும் வெட்டி அடுக்குவதுதான் அந்த விளையாட்டே. ஆட்டம் எதனால் ஆனதோ அதிலேயே பெயரையும் செய்துவிட்டார்கள். பக்கத்தில் மலை, ஆள், மண்வெட்டி எதுவும் தேவைப்படவில்லை.

அதில் வருகிற ஆங்கில ஏ எழுத்தை உற்றுப் பார். உள்ளே ஒரு முகம் இருக்கும். சத்தமில்லாமல் பின்னால் வந்து வெடிக்கிற ஒரு ஜந்துவின் முகம். விளையாடாதவர்களுக்கு அது வெறும் எழுத்து. விளையாடுகிறவர்களுக்குத்தான் அதைக் கண்டதும் திக்கென்று இருக்கும். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

உன் பெயரை எதில் எழுதுவது? தேன்குழலில் எழுதலாம் என்று தோன்றுகிறது. கொஞ்சம் அனுப்பிவை. இழை எப்படி வளைகிறது என்று பார்க்க வேண்டும்.

பெரியப்பச்சி வரட்டும், பார்க்கலாம்.

அன்புடன்,
சுந்தரம்

கோட்டையூர்,
18 ஜூன் 2025

அன்புள்ள உங்களுக்கு,

தேன்குழல் அனுப்பியிருக்கிறேன். கூரியரில் நொறுங்கினால் தூளைத் தின்றுவிட்டு, மிஞ்சிய இழையைப் பாருங்கள். கீர்த்தி அந்த முகத்தைக் காட்டினாள். அதற்குப் பிறகு எனக்கு எழுத்தே தெரியவில்லை, முகம் மட்டும்தான் தெரிகிறது.

லோகோவுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டுப் பெரியப்பச்சிக்கு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ‘பார்க்கலாம்’ என்பது உங்கள் வாயில் எத்தனை அர்த்தத்தில் வரும் என்று கூட இருந்தவளுக்குத் தெரியும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே அவர்கள்தானோ என்று பதறுகிறது. நேற்று அந்த யோசனையில் அதிரசப் பாகு முறுகிவிட்டது. வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்றை எழுதிவிடுங்கள்.

அகிலா

பெங்களூரு,
24 ஜூன் 2025

அன்புள்ள அகிலாவுக்கு,

தேன்குழல் முக்கால்வாசி முழுதாகவே வந்தது. இப்போது இல்லை.

லோகோ இத்துடன் இருக்கிறது. ஒரே இழைதான், ‘அ’வில் தொடங்கி ‘ம’வில் முடிகிறது. அச்சைப் பிழியும்போது கையை ஒரு சுற்றுச் சுற்றுவாயே, அந்தச் சுற்றை எழுத்தில் கொண்டுவரத்தான் நாளாகிவிட்டது. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், அப்போதும் தெளிவாக நிற்கிறது. ‘ம்’மின் மேலே இருந்த புள்ளி மட்டும் அந்த அளவில் தூசி ஒட்டியது போலத் தெரிந்தது. எடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டாலும் அகிலம் என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். மாயக்கண்ணனுக்கும் அனுப்பியாயிற்று.

மற்றதைப் பற்றி எழுதத்தான் உட்காருகிறேன், வர மாட்டேன் என்கிறது. இங்கே வேலையும் அப்படி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

சுந்தரம்

கோட்டையூர்,
29 ஜூன் 2025, ஞாயிறு

உங்களுக்கு,

லோகோ அழகாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாயக்கண்ணன் மாதிரிக்கு ஒரு மூடி அச்சடித்துக் கொண்டுவந்தார். ஆத்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். “நல்லாத்தான் போட்டிருக்கான். புள்ளியை எங்க காணோம்?” என்றார்கள்.

வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். இதுதான் பதிலா? தூசி என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது. கல்யாணமானதும் கோயிலில் நம் இருவரையும் ஒரு புள்ளியாகச் சேர்த்தார்கள். அதை எடுக்க நினைத்தால் நேரே எழுதியிருக்கலாமே. பலகார டின் மூடியிலா சொல்வது? அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

இன்று காலை பெரியப்பச்சி வந்தார்கள். மூடி மேசையிலேயே கிடந்தது. எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, “புள்ளியை அவனே எடுத்துட்டானாக்கும்?” என்று கேட்டார்கள். ஆத்தா என் முகத்தையே பார்த்தார்கள். என் வாயில் வந்தது இதுதான்: “இல்லைங்க, அது அச்சுப்பிழை. திருத்தச் சொல்லியாச்சு. அவுகளும் அடுத்த வாரம் வாராக.”

அந்தப் பொய் எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தேன்குழலை நொறுக்கித் தின்றுவிட்டு, “வரட்டும், அவனை வச்சுக்கிட்டே பேசுவோம்” என்று எழுந்து போனார்கள்.

அச்சை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைக்கு மேல் மாயக்கண்ணனால் காத்திருக்க முடியாதாம். புள்ளி வைத்தால்தான் எழுத்து மெய்யாகும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வைக்க மனமில்லை என்றால் நான் சொன்னது பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் புள்ளியை நான் வைக்க மாட்டேன்.

அகிலாண்டேஸ்வரி

பெங்களூரு,
3 ஜூலை 2025

என் அகிலாவுக்கு,

கடிதம் இன்று மத்தியானம் வந்தது. ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். முழுப்பெயரில் நீ கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

சத்தியமாக எனக்கு அது எழுத்தின் புள்ளியாக மட்டும்தான் தெரிந்தது. எழுத்துக்குள் முகம் இருக்கும், உற்றுப் பார் என்று உனக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த முகம் சுருக்கினால் தெரியாதுதான், அதற்காக மைன்கிராஃப்ட்காரர்கள் அதை எடுத்துவிடவில்லை. இது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பெங்களூரா, கோட்டையூரா என்பதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பெரியப்பச்சி முன்னால் உட்கார்ந்து என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. நீயும் நானும் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். வரட்டும், எழுதி எழுதி இவ்வளவு நாள் தள்ளியது போதும்.

புள்ளியைத் திரும்ப வைத்துவிட்டேன். சுருக்கிப் பார்த்தால் தூசி மாதிரிதான் இருக்கிறது. இருக்கட்டும்.

இதைத் தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வராது. அதனால் தபாலில் போடவில்லை. நாளை ராத்திரி பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். கதவைத் திறந்ததும் முதலில் இதைப் படி.

உன்
சுந்தரம்