கறுப்பிக்கு இன்னும் மூன்று நாள்

புதன், காலை

சம்பூர்ணத்தின் அப்பாவுக்கு,

கறுப்பியைத் தேடி அலைய வேண்டாம். நான்தான் அவளை மலையிறக்கி, அமிர்தியில் என் அண்ணன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன். சம்பூர்ணமும் என்னோடு வருகிறாள். சாமைச் சோறும் புளிக்குழம்பும் உறியில் இருக்கின்றன.

மத்தியானம் நீங்கள் பேசிவைத்தபடி அவளை வாங்கப் பன்றி வியாபாரி கோபால்சாமி வந்தால் என் பேரைச் சொல்லிவிடுங்கள். வாக்குத் தவறியது நான், நீங்கள் இல்லை.

கறுப்பியை ஆண் பன்றியோடு சேர்த்து இன்றோடு இருபது நாள். இன்னும் மூன்று நாளில் அவள் மறுபடி பருவத்துக்கு வராவிட்டால் சினைதான். இதைத்தான் நேற்றும் சொன்னேன். "நீ இன்னா டாக்டரா? ரெண்டு வாட்டி சேத்தும் சினை நிக்கல, இன்னாத்துக்கு வச்சிருக்கணும்?" என்று கத்தினீர்கள். போன வருஷம் செவலையையும் இப்படிச் சொல்லித்தான் விற்றீர்கள். அறுத்தபோது வயிற்றுக்குள் எட்டுக் குட்டி. இரண்டு நாள் நீங்களும்தான் சோற்றைத் தொடவில்லை.

அண்ணன் வீட்டு ஆண் பன்றியின் பக்கத்தில் விட்டுப் பார்க்கிறேன். அதற்கு இணங்கி நின்றால் நான் தோற்றேன். நானே அவளை வியாபாரியிடம் ஓட்டிப் போகிறேன்.

மங்கம்மாள்

கயிறு கட்டும்போது முதுகை அழுத்திப் பார்த்தேன். பருவத்தில் இருந்தால் அசையாமல் நிற்பாள். உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஆனாலும் ஆசையில் என் கைக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். சனிக்கிழமை வாருங்கள், நீங்களே அழுத்திப் பாருங்கள். உங்கள் கை சொல்வதை நான் நம்புகிறேன்.