மருந்துக்கடை முக்கில் நின்ற கார்

மச்சான்,

நேற்று மழை விட்டு வெயில் அடித்ததும் நம் காரின் சீட்டிலிருந்து மறுபடி கோழி வாடை வந்தது. எத்தனை தடவை கழுவினோம், எத்தனை தடவை புதுத் துணி போட்டுத் தைத்தோம். காப்பார் கோழிகள் போகமாட்டேன் என்கின்றன. முட்டையைக்கூடத் தொடாத சுத்த சைவம் நீ. உனக்குப் போய் இந்த வண்டி வாய்த்ததே என்று நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் நீ இல்லாததால் சிரிப்பு பாதியில் நின்றது.

ரப்பர் விலை விழுந்து காப்பார் தோட்டத்துத் துரை ஊருக்குக் கப்பலேறினார். அவருடைய தண்ணீர் பம்பை நீ சரிசெய்து கொடுத்திருந்தாய். அதற்காக, கோழிக்கொட்டகையில் கிடந்த அந்தப் பழைய அமெரிக்கக் காரை உனக்கே விட்டுவிட்டுப் போனார். இரண்டு மாட்டைப் பூட்டி, கிள்ளான் வழியாக நாம் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்து வந்தோம். வழியில் சிரித்தவர்களிடமெல்லாம், "அமெரிக்காவுல இப்படித்தான் லா ஓட்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ வெட்கப்பட்டு மாட்டுக்கு அந்தப் பக்கமாக ஒளிந்து நடந்தாய்.

என் வீட்டுக் கொல்லையில் ஒன்றரை வருஷம் அதோடு மல்லுக்கட்டினோம். நீ ரயில் பட்டறையில் ஃபிட்டர், நான் ரயில்வே கேட்டில் கொடி காட்டுகிறவன். உனக்கு மூளை, எனக்கு வாய். உளுத்துப்போன சக்கரத்துக்கு மாட்டுவண்டித் தச்சன் புது ஆரக்கால் செதுக்கிக் கொடுத்தான். என் வீட்டுக்காரி கூடாரத் துணியில் மேல்கூரை தைத்தாள். எஞ்சினைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றியபோது அது திருப்பி உதைத்து என் மணிக்கட்டு பிசகியது. "வாயால சுத்துற மாதிரி இல்ல, பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே நீ கட்டுப் போட்டாய்.

அந்தச் சமயத்தில்தான் என் ஒரே மகள் பாக்கியத்துக்கு வரன் அமைந்தது. பையன் கிள்ளான் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. நான் சும்மா இருப்பேனா? மாப்பிள்ளை அழைப்புக்கு மோட்டார் கார் வரும் என்று சம்பந்தி வீட்டில் அளந்துவிட்டு வந்தேன். சம்பந்தி கறாரான மனிதர். சொன்னது நடக்காவிட்டால் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். காரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவைச் சுற்றி ஓடிக் காட்டியது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது திடீரென்று படுத்துக்கொண்டது.

காயிலில் ஈரம் ஏறிவிட்டது என்றாய். மறுநாளும் அதையே சொன்னாய். வெயிலில் மண்டை காய்கிறது, ஈரம் எங்கிருந்து வந்தது? அடுத்த ஞாயிறு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காஜாங்குக்குக் கிளம்பினாய். எதற்கு என்று கேட்டேன். குச்சியில் குத்திச் சுட்ட கறி, அந்தச் சாத்தே சாப்பிட என்றாய். மச்சான், பொய் சொல்லத் தெரியாதவன் கொஞ்சம் யோசித்தாவது சொல்ல வேண்டாமா?

அன்றைக்கு என் மனம் போன போக்கை இப்போது சொல்கிறேன். உனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, என் வீட்டுக் கல்யாணம் உன் கண்ணை உறுத்துகிறது என்று நினைத்தேன். நீ ரயிலேறியதும் உன் அறைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தேன். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் நான்கு காயிலில் இரண்டு, சோப்புக்கட்டி அளவு மரப்பெட்டிகள், உன் வேட்டிக்குள் சுருட்டி இருந்தன.

அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, காரின் மிதிபலகையில் நீ வரும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ வந்தாய், பார்த்தாய், பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"அந்தப் பையன் வாரா வாரம் காஜாங் போறான், மச்சான். ஸ்டேஷன்ல தற்செயலா பாத்தேன், பின்னாலயே போனேன். ஒரு வீடு. ஒரு பொம்பள கதவத் தொறக்குறா, இடுப்புல புள்ள. இவன் பால் டின்னு கொண்டுபோய்க் குடுக்குறான்."

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"நான் பாத்தது பாதி. பாதியச் சொல்லி கல்யாணத்த நிறுத்த நான் யாரு? வண்டியத்தான் நிறுத்த முடிஞ்சுது."

மறுநாளே இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு, வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் மாதிரி அங்கே போய்க் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தது மாப்பிள்ளைப் பையனேதான், தோளில் குழந்தையோடு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடி வந்திருந்தான். வாடகை எவ்வளவு என்று அவனிடமே கேட்டுவிட்டேன்.

"எங்க அக்கா, மாமா. கூடப் பொறந்தவ. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டான்னு அப்பா தலமுழுகிட்டாரு. நான் இங்க வர்றது தெரிஞ்சா கல்யாணத்தையே நிறுத்திடுவாரு."

உள்ளே அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். அதே மூக்கு, அதே நெற்றி. எனக்கு அவமானம் தாங்கவில்லை, விறுவிறுவென்று ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டேன். நீ பின்தங்கினாய். அவள் உன்னிடம் ஏதோ கேட்டதைத் திரும்பிப் பார்த்தேன். என்ன என்று விசாரித்தேன், ஒன்றுமில்லை என்றாய். எனக்கு மறுபடி சந்தேகம். சந்தேகப்பட ஆரம்பித்தவனுக்கு அது லேசில் விடுகிறதா?

அழைப்பு அன்று மாலை, காயில்களைத் திருப்பி மாட்டிய வண்டியை நீதான் ஓட்டினாய். முன்னால் நாதஸ்வரம், நடுவில் கார், பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை. நான் கூடவே நடந்தேன், கண் உன் கையிலேயே இருந்தது. மருந்துக்கடை முக்கு வந்ததும் எஞ்சின் நின்றது. உன் கை ஒரு பிடியைத் தொட்டதை நான் பார்த்தேன். நீ இறங்கி மூடியைத் தூக்கிக் குனிந்துகொண்டாய். மேளக்காரர்கள் நிறுத்தினார்கள், யாரோ சிரித்தார்கள், சம்பந்தியின் முகம் கறுத்தது. அத்தனை பேர் முன்னால் நான் சொன்னேன்:

"சொந்தமா ஒரு புள்ளயப் பெத்திருந்தா தெரியும்டா உனக்கு."

நீ நிமிரவே இல்லை. "ரெண்டு நிமிஷம் பொறு, மச்சான்" என்றாய்.

அப்போதுதான் மாப்பிள்ளை பார்க்கும் பக்கம் பார்த்தேன். சாலைக்கு அந்தப் புறம், சாக்கடை ஓரத்தில், வேடிக்கை பார்க்கும் சீனப் பெண்களுக்கு நடுவே அவள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை, வாயில் முந்தானை. தம்பியை மாலையோடு கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இமைக்கவில்லை. ஊர்வலம் எந்த வழியாகப் போகும் என்றுதான் அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீ மூடியைச் சாத்திவிட்டுக் கைப்பிடியை ஒரே சுற்றுச் சுற்றினாய், எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாதஸ்வரமும் ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னது சொன்னதாகவே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தாய். தினமும் என் வீட்டில் காப்பி குடித்தாய். உன் மீசையை, உன் நடையை, எல்லாவற்றையும் கிண்டல் பண்ணினேன். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் நானும் பேசவில்லை, நீயும் கேட்கவில்லை.

உன்னைக் கொண்டுபோய்ச் சுடலையில் வைத்தபோது, கொள்ளி வைக்கப் பிள்ளை யார் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் போய்விட்டார். தலை மழித்துக்கொண்டு குடத்தைத் தோளில் ஏற்றினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் பின்னால் நின்றேன். "மன்னிச்சுக்கடா" என்று வாய்வரை வந்தது. அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது, மச்சான்.