வாப்பாவின் ஃபூத்தினீனா

என் தங்க வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஓர் அறிவித்தல்! தலவாக்கலைக் கடை வாசலில் பல மழைக்காலம் சேவை செய்த உங்கள் கறுப்புக் குடை, நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு பஸ் ஸ்டாண்ட் காற்றில் காலமானது. கம்பிகள் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன.

பள்ளிவாசல் மைக்கில் ஜனாஸா அறிவிக்கிற மாதிரியே குரலை இறக்கிச் சொன்னேன். "அந்த நாக்கை ஒரு நாளைக்கு இடியப்ப உரல்ல போட்டுப் பிழியப் போறேன்"னு உம்மா அடுப்படியிலிருந்து கத்தினாங்க. ஆனா சிரிச்சாங்க வாப்பா. நீங்க மௌத்தாகி மண்ணுக்குள்ள போன பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறதே அபூர்வம்.

இனிப் பெரிய சேதி. உங்க பச்சை அட்டைப் புத்தகத்தை நான் எடுத்துக்கிட்டேன். மஃரிபு தொழுதுட்டு, கல்லாவுக்குப் பின்னால உட்கார்ந்து உதடு அசையப் பார்ப்பீங்களே, அதேதான். பக்கம் பக்கமா அரபு எழுத்து. ஏதோ ஒரு ஞானவழி ஷெய்கு உங்களுக்கு மட்டும் கொடுத்த ரகசிய ஓதல், திக்ருன்னு நினைச்சேன். குர்ஆன் மத்ரஸாவில் ஆறு வருஷம் பிரம்படி வாங்கினவனுக்கு எழுத்துக் கூட்டவா தெரியாது? ஃபஜ்ரு தொழுததும் தினமும் ஓதினேன். அர்த்தம்தான் ஒண்ணும் விளங்கல.

ஆனா இந்த மாதிரி ஓதலுக்கு ஒரு ஷெய்கோட அனுமதி வேணும்பாங்க. அது இல்லாட்டி கரண்ட் இல்லாத பல்பு மாதிரியாம். உங்க ஓதல் உங்களோட அணைஞ்சிடக் கூடாதுன்னு ஷெய்கு தேடக் கிளம்பினேன்.

நம்ம மூத்தவங்க கடல் தாண்டி இந்தத் தேயிலை மலைக்கு வந்தப்போ துணிமூட்டை கொண்டுவந்தாங்க, தராசு கொண்டுவந்தாங்க. ஷெய்கை மட்டும் அந்தக் கரையிலேயே விட்டுட்டாங்க. அப்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது கப்பலேறி வந்து ஓதிக் கொடுத்துட்டுப் போவாங்களாம். இப்ப யார் வர்றாங்க? நான்தான் திக்ரு தேடித் திக்குத் திக்கா அலைஞ்சேன்.

லிந்துலையில் ஒரு மௌலவி, "அஞ்சு நேரம் ஒழுங்காத் தொழுங்க மகன், ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பிட்டார். அடுத்தது ஃபோனில் ஒரு வெளிநாட்டு ஷெய்கின் வகுப்பு. நம்ம மலையில மூடுபனி இறங்கினா சிக்னல் போயிடும். அவர் வாய் திறந்தபடி அப்படியே உறைஞ்சிடுவார். பரவச நிலைன்னு நினைச்சு ஒரு தடவை பத்து நிமிஷம் மரியாதையாக் காத்திருந்தேன்.

கடைசியில் கினிகத்தேனையில் ஒரு தையல் கடை மாடி கிடைச்சது. வியாழக்கிழமை பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமா உட்கார்ந்து ராத்திபு ஓதுறாங்க. நடத்துறவர் அந்தத் தையல்காரர்தான்; எல்லாரும் ஹஸ்ரத்துன்னு கூப்பிடுறாங்க. ஷெய்கு கையைப் பிடிச்சுச் சீடனா பைஅத் வாங்கப் போறேன்னு உம்மாகிட்ட பெருமையாச் சொன்னேன். "பைய எடுத்துட்டுப் போ, வரும்போது தேங்கா வாங்கிட்டு வா"ன்னாங்க.

வட்டத்துக்கு நடுவில் கண்ணை மூடி, ஆடி ஆடி, உங்க முதல் பக்கத்தை மனப்பாடமா ஓதினேன். "ஃபூத்தினீனா... ஃபூத்தினீனா..." ரெண்டு பேர் என்கூடச் சேர்ந்து ஆடினாங்க. ஒருத்தர் ஆமீன்கூடச் சொன்னார். ஹஸ்ரத்து புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மகன், இது அரபு இல்ல."

"அப்ப ஃபார்ஸி மொழியா ஹஸ்ரத்து?"

"தமிழ். அரபு எழுத்துல எழுதின தமிழ். இந்த ஃபே எழுத்துல ஒரு புள்ளி கூட இருக்கே, அது 'ப'. நீங்க ஓதினது 'பூட்டினேனா'. எனக்கு வேகமா வாசிக்க வராது. முந்தி நம்ம வீட்டுப் பொம்பளைங்கதான் இதுல கெட்டி. உம்மாகிட்ட குடுங்க."

ஆமீன் சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவே இல்ல.

உம்மா கையைத் துடைச்சுட்டு, பேப்பர் வாசிக்கிற மாதிரி கடகடன்னு வாசிச்சாங்க. தலைப்பே இதுதான்: "ஷெய்கு ஒருவரைக் கண்டால் கேட்க வேண்டியவை." அப்ப உங்களுக்கும் ஷெய்கு கிடைக்கலையா வாப்பா? அத்தனை வருஷமும் கல்லாவுக்குப் பின்னால கேள்விகளையா பார்த்துக்கிட்டிருந்தீங்க?

மொத்தம் பன்னிரண்டு. "தொழுகையில் நிற்கும்போது, கடையைப் பூட்டினேனா, பூட்டினேனா என்றே மனசு ஓடுகிறது. இந்தத் தொழுகை சேருமா?" இது ஒண்ணு. "தோட்டத்து ஆட்கள் சாமிக்கு வாங்கும் கற்பூரத்தை, நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பது குற்றமா, நன்மையா?" இது இன்னொண்ணு.

போன வியாழக்கிழமை கொண்டுபோய்க் கேட்டுட்டேன். பூட்டுக் கேள்விக்கு ஹஸ்ரத்து சொன்னார்: "மனசு கடைக்குப் போகத்தான் செய்யும். போனதைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்து உங்க வாப்பா நிறுத்தினார் பாருங்க, அது சேரும்." கற்பூரக் கேள்விக்கு, "தெரியல மகன். எனக்கு மேல உள்ளவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்"னு காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக்கிட்டார். நான் பார்த்தவங்கள்ல தெரியலன்னு சொன்ன முதல் ஆள் அவர்தான். இவரை நம்பலாம்தானே?

எல்லார் முன்னாடியும் எழும்பி நின்னு பன்னிரண்டையும் கேட்டேன் வாப்பா. நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கல. உங்க மகன் புலி!

சரி. புலி இல்ல, பூனை. பதினொண்ணுதான் கேட்டேன்.

கடைசியா நீங்க எழுதியிருந்தது இது: "சின்னவன் ஓதும்போதும் சிரிக்கிறான். அதட்டணுமா, விடணுமா?" நீங்க என்னை ஒரு நாளும் அதட்டலையே. பதில் தெரிஞ்சு விட்டீங்களா, தெரியாமலா?

கேள்வி தொண்டை வரைக்கும் வந்திடுச்சு. அதட்டத்தான் வேணும்னு அவர் சொல்லிட்டா? அதட்டுறதுக்கு இனி நீங்க இல்லையே. "அவ்வளவுதான் ஹஸ்ரத்து"ன்னு புத்தகத்தை மூடிட்டேன்.

வர்ற வியாழக்கிழமை கேட்பேன் வாப்பா. இது சத்தியம். சிரிக்காமக் கேட்பேன்னு மட்டும் சத்தியம் பண்ண முடியாது.

நீங்க அதட்டாம விட்ட,
உங்க சின்னவன்