நாம் பார்க்காத கன்னியாகுமரி

என் ஆசை மாமாவுக்கு,

வருகிற வைகாசியோடு நீங்கள் போய் ஒரு வருசம். இங்கே எல்லாரும் சௌக்கியம். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால் மோட்டாரை இரண்டு படி கீழே இறக்கியிருக்கிறோம். அம்பாசடரை இப்போது பெரியவன்தான் ஓட்டுகிறான். உங்களைப் போலவே வளைவில் ஹாரன் அடிக்க மாட்டேன் என்கிறான். நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு முருகனைக் கூப்பிடுகிறேன்.

திதிக்கு நினைவு மலர் போடுகிறார்கள். கோயமுத்தூர் அச்சாபீசில் பேசியாகிவிட்டது. முதல் பக்கத்தில் மாலை போட்ட உங்கள் போட்டோ. பெரியவன் என்னிடம் தாளையும் பேனாவையும் கொடுத்து, "அம்மா, நீங்களும் அப்பாவும் கன்னியாகுமரி போனதப் பத்தி எழுதிக் குடுங்க. அப்பா எப்பப் பாத்தாலும் அதத்தானே சொல்லிட்டிருப்பாங்க" என்றான்.

எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. நாம் எங்கே கன்னியாகுமரி போனோம்?

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின சித்திரை அது. கல்யாணமாகி இருபது வருசத்தில் நீங்களும் நானும் மட்டுமாகக் கிளம்பிய ஒரே பயணம். குருவாயூரில் கும்பிட்டுவிட்டு, கடலோரமாகவே காரில் போய்க் குமரி முனையில் நிற்பதாகத் திட்டம். நான் புதுச் சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து, முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை தாண்டுவதற்குள் யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அந்த அற்பப் பெருமையை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

டிக்கியில் இரண்டு எண்ணெய் டின். சாம்பல் போட்டுக் கழுவி, நம் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வாயில் துணி கட்டி நீங்களே ஏற்றினீர்கள். "நம்ம கெணத்துத் தண்ணி இருக்கறப்பக் கண்டவன் ஊட்டுத் தண்ணி எதுக்கு புள்ள? கடலோரத்துல எதத் தொட்டாலும் கவிச்சி." ஐயர் ஓட்டலில் சோறு சாப்பிடலாம், ஆனால் தண்ணீர் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். சோடா கேட்டேன். ஊரெல்லாம் வாய் வைத்த பாட்டில் என்றீர்கள். உங்களுக்கு என்ன, வழியெல்லாம் இளநீர் வெட்டச் சொல்லிக் குடித்தீர்கள். மூடி போட்டுச் சாமி அனுப்பிய தண்ணீர், யார் வெட்டினாலும் தீட்டில்லை என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். இளநீர் குடித்தால் எனக்கு இளைப்பு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் டின் தண்ணீர் முழுவதும் எனக்கே வந்தது.

உங்களை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. கொடுங்கல்லூர் தாண்டி, ரோட்டோரத்தில் கருவாடு காயப்போட்டிருந்ததைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தியவள் நான். அந்த வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னவளும் நான்தான். கூடையோடு நடந்த ஒரு பெண் என் மூக்கையும் முந்தானையையும் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டின் தண்ணீர் நாறியது. எண்ணெய்ச் சிக்கும் துருவும் சேர்ந்து ஒரு வாடை. சொன்னேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, குடி. நம்ம தண்ணிதான்" என்றீர்கள். நம்ம தண்ணீர் என்றால் கெடாது என்று நிஜமாகவே நம்பினீர்கள். நானும் நம்பித்தான் குடித்தேன்.

சேர்த்தலை தாண்டி அரை மணி நேரம் இருக்கும். வயிற்றைப் பிசைந்தது. காரை நிறுத்தச் சொன்னேன். நீங்கள் நிறுத்துவதற்குள் வாந்தியும் பேதியும் சேர்ந்தே வந்துவிட்டது. புதுச் சேலை, புது சீட்டுத் துணி, எல்லாம் போயிற்று. உங்கள் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. என் உயிரைப் பற்றிய பயம் அந்த முகத்தில் வர ரொம்ப நேரம் ஆனது. முதலில் வந்தது அருவருப்பு.

ரோட்டுக்குக் கீழே ஒரு ஓலை வீடு. வலை காயப்போட்டிருந்த முற்றத்திலிருந்து ஓடிவந்தாளே, ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்த மீன்காரி, அவள் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். அவள் மேலெல்லாம் மீன் வாடை. அவள் தோளிலேயே நான் இன்னொரு தடவை வாந்தியெடுத்தேன். "சாரமில்ல மோளே, கிடந்தோ" என்றாள். பரவாயில்லை மகளே, படுத்துக்கொள் என்று என் அம்மாகூட அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

இரண்டு நாள் அங்கே கிடந்தேன். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். எழுந்து போகத் தெம்பில்லாமல் படுத்த இடத்திலேயே போனதையெல்லாம் அவள்தான் அள்ளினாள். என் சேலையைத் துவைத்தாள், என்னைத் துடைத்தாள், தன் சேலை ஒன்றைக் கட்டிவிட்டாள். நியாயமாகச் சொல்ல வேண்டும், நீங்கள் காரில் போய்க் கம்பவுண்டரை அழைத்து வந்தீர்கள். ஊசி போட வைத்தீர்கள். ஆனால் அந்த வாசற்படியை ஒரு தடவை மிதித்தீர்களா? தென்னை மரத்தடியில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். தூங்கினது காரில். அவள் உங்களுக்குக் கட்டன் சாயா கொண்டுவந்தபோது, "பழக்கமில்லீங்க" என்று சொன்னது உள்ளே என் காதில் விழுந்தது. நாளெல்லாம் சாயா குடிக்கிற மனுசன் நீங்கள்.

குமரிக்குப் போகாமலே திரும்பி வரும்போது பாரதப்புழைக் கரையில் காரை நிறுத்தினீர்கள். மணலுக்கு நடுவில் ஓடிய கொஞ்சத் தண்ணீரில் என்னைத் தலை முழுகச் சொன்னீர்கள். "அவ குடுத்த சீலைய இங்கயே போட்டுட்டு வா" என்றீர்கள். போட்டுவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வீட்டு வாசலில் கோமியம் தெளித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டீர்கள். அதற்கும் தலையைக் குனிந்து கொடுத்தேன். அந்தப் பெண் தொட்டதைக் கழுவ மாட்டு மூத்திரம் வேண்டியிருந்தது நமக்கு. த்தூ என்று இருக்கிறது மாமா. உங்களை நினைத்தாலும், என்னை நினைத்தாலும்.

அப்புறம் பால் சொசைட்டியில் கதையை ஆரம்பித்தீர்கள். "குமரிமுனையில சூரியன் பித்தளத் தாம்பாளமாட்ட எந்திரிச்சு வந்துச்சு பாருங்க…" கல்யாண வீடு, எழவு வீடு, ஒன்று விடவில்லை. "ஏனுங்கக்கா, நெசமாவே மூணு கடலும் மூணு நெறமுங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். முதலில் உங்கள் மானத்துக்காக என்று நினைத்தேன். என் மானத்துக்காகவும்தான். எங்கே படுத்தேன், யார் என்னைக் கழுவினார்கள் என்று வெளியே தெரியக்கூடாதே.

கடைசி எட்டு மாசம் கட்டிலோடு இருந்தீர்கள். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது. நான்தான் எல்லாம் அள்ளினேன், துடைத்தேன். ஒரு நாள் காலையில் துணி மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு குழறிக் குழறிக் கேட்டீர்கள்: "உனக்கு அருவருப்பா இல்லியா புள்ள?"

"இல்லீங்க" என்றேன். பொய். இருந்தது மாமா, தினமும் இருந்தது. கிணற்றடிக்குப் போய் ஓங்கரித்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே வருவேன். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் அருவருப்பாகத்தானே இருந்திருக்கும்? என் நாற்றம் அவளுக்கு மட்டும் சந்தனமா? அவள் தள்ளி நிற்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் மேல் ஆசை வைத்து, தாலி கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்றவள் நான், அள்ளினேன். அவளுக்கு நான் யார்?

நீங்கள் என் கையை விடவில்லை. பிறகு, "அந்தம்மா பேரென்ன?" என்றீர்கள். யாரைக் கேட்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை, அந்த மீன்காரியைத்தான். எனக்குத் தெரியாது என்றேன். சேச்சி சேச்சி என்றே இரண்டு நாளைக் கடத்திவிட்டேன். நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். அதற்கப்புறம் கன்னியாகுமரிப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

நேற்று பெரியவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகம் செத்துப்போயிற்று அவனுக்கு. "இதப் போயி மலர்ல போடறதாம்மா? நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றான். "போடு. இல்லைன்னா என் பேரையும் அதுல போடாத" என்றேன். சாயங்காலம் வரைக்கும் தோட்டத்திலேயே கிடந்தான். அப்புறம் வந்து, சேர்த்தலைக்கு எத்தனை மணி நேரமாகும் என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். மலரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறோம். உங்கள் பேருக்குக் கீழே அவள் பேர் வராமல் அது அச்சேறாது. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. அவள் உயிரோடு இருந்தால், எது வைத்தாலும் அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவேன். தொண்டையில் இறங்குமா என்று தெரியவில்லை. வாந்தி வந்தால் வரட்டும் மாமா. என் வாந்தி அவளுக்குப் புதுசில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், உங்கள் ஊட்டுக்காரி,
ருக்குமணி